அறுநூறு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, தப்பாக இருக்குமா?

வாசகர் கேள்வி

(நீண்ட கடிதம். சுருக்கித் தந்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன்.)

எனக்கு 29 வயது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி ஆறு வருடம், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் தினமும் பஸ்ஸில் கோவைக்குப் போய் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். போன மாதம் அவருடைய பைக் சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புத்தகம் தேடும்போது ஒரு நகைக்கடன் சீட்டு கிடைத்தது. பீரோவைத் திறந்து பார்த்தால் என் அம்மா போட்டனுப்பிய இரண்டு வளையலும் இல்லை. மூன்று பவுன். அவர் அன்று நைட் ஷிஃப்ட். கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. இங்கே யாரிடமும் சொல்ல முடியாமல், பெண்கள் மட்டும் இருக்கிற ஒரு ஃபேஸ்புக் குழுவில் பெயர் போடாமல் எழுதி, சீட்டையும் போட்டோ எடுத்துப் போட்டேன். விடிவதற்குள் அறுநூறு கமெண்டுக்கு மேல் வந்துவிட்டது. ‘இது திருட்டு’, ‘ரம்மி ஆடுறான்’, ‘வேற யாரோ இருக்கா’, ‘406ல கேஸ் குடுங்க சிஸ்’, ‘குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க’. அவர் வேலை முடிந்து வருவதற்குள் கிளம்பி, மீனாட்சிபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இரண்டு தடவை தேடி வந்தார், நான் வெளியே வரவில்லை. அதற்குள் அவருடைய பெரியப்பா மகள் அந்தப் பதிவைப் பார்த்து, சீட்டில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக் கண்டுபிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இப்போது அவர் வருவதும் இல்லை, போன் செய்வதும் இல்லை. அறுநூறு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது தப்பாக இருக்குமா? நான் திரும்பிப் போகலாமா, கூடாதா? குழுவில் தினமும் அப்டேட் கேட்கிறார்கள், என்ன எழுதுவது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசிவிடலாம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழுக்க மலையாளத்தில் அச்சான சீட்டு. தமிழ் மீடியத்தில் படித்ததால் மலையாளம் பேச வரும், வாசிக்கத்தான் தடுமாறும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சித்தூர் தாலுக்காவில் நிறையப் பேருக்கு அப்படித்தான். அந்தக் குழுவில் இருப்பவர்களோ பெரும்பாலும் சென்னை, திருச்சி, மதுரைப் பக்கத்துப் பெண்கள் என்கிறீர்கள். அவர்கள் அந்தச் சீட்டை எப்படி வாசித்திருப்பார்கள்?

அது அடகு வைத்த சீட்டே இல்லை. வட்டி கட்டியதற்கான ரசீது. மேலே இருக்கிற ஆகஸ்ட் தேதி, வட்டி கட்டிய தேதி. எடை 24 கிராம் என்று இருக்கிறது, வட்டித் தொகை இருக்கிறது, கடன் எண் இருக்கிறது, கிளை இருக்கும் ஊரின் பெயர் இருக்கிறது. கடன் வாங்கிய நாளும் கெடு தேதியும் அச்சாகியிருக்கிற வலது ஓரத்தை உங்கள் கட்டைவிரல் மறைத்துவிட்டது. ஆக, வளையல் எப்போது அடகுக்குப் போனது என்று அந்தப் போட்டோவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கமெண்டுகளில் பாதி அந்த ஆகஸ்ட் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. ‘ஓணம் போனஸ் வர்ற நேரத்துல அடகு வைக்கிறான்னா கண்டிப்பா ரம்மிதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு இருநூறு லைக். கோவையில் பம்ப் கம்பெனிக்குப் போகிறவருக்கு ஓணம் போனஸ் எங்கிருந்து வரும்? அங்கே தீபாவளிக்குத்தான் தருவார்கள்.

வட்டி கட்டியிருக்கிறார் என்பதால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. நகை முழுகிப்போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. இனி என்ன ஆகும் என்பதுதான் கவலை. நகைக்கடனில் கெடு தாண்டினால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். நோட்டீஸ் கடன் வாங்கியவர் பெயருக்குத்தான் வரும். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத இந்த நேரத்தில், இருக்கிற மனநிலையில் அவர் அதைப் பிரித்துப் பார்ப்பாரா, பார்த்தாலும் உங்களிடம் சொல்லி அனுப்புவாரா என்பதெல்லாம் சந்தேகம்தான். கெடு என்றைக்கு என்று அறுநூறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முகம் தெரியாதவர்களிடம் போய் ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நம் பக்கத்தில் இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும், அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பார். கிளினிக்கில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் பேச்சு வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா அவர் வழிச் சொந்தம். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, காலி நகை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு ‘நாங்க இருக்கோம் சிஸ்’ என்ற ஒரு வரி எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அந்த ஆறுதலைக் குறை சொல்ல மாட்டேன். ஆறுதலோடு கூடவே தீர்ப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதில்தான் வினையே.

அறுநூறு பேர் சொன்னால் தப்பாக இருக்குமா? தாராளமாக இருக்கலாம். கூட்டத்தின் கணிப்பு அபாரமாகப் பலிக்கிற இடங்களும் உண்டு. 1906-ல் இங்கிலாந்தில் பிளிமத் நகரத்துக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, அதை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று ஆறு பென்ஸ் கட்டிச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பிற்பாடு அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்தார். தெளிவாக எழுதியிருந்தவை 787. அவற்றை வரிசைப்படுத்தியபோது நடுவில் வந்த எண் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. ஊரே சேர்ந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாதாடுகிறவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஆனால் அங்கே சீட்டு எழுதினவர்கள் மாட்டைக் கண்ணால் பார்த்தார்கள். அவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சொன்ன விலை பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அவர் மாட்டைப் பார்க்க மாட்டார், அந்த விலையைத்தான் பார்ப்பார்.

உங்கள் பதிவுக்குக் கீழே துண்டே கிடையாது, எல்லாம் வெட்டவெளி. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை நேர வரிசைப்படி படித்தேன். முதல் நாலைந்து பேர் ‘திருட்டு’ என்றார்கள். பின்னால் வந்தவர்கள் உங்கள் பதிவைப் படித்தார்களா, மேலே இருந்த கமெண்டைப் படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். இருபதாவது ஆளோ என்னவோ, ‘மாமியார் வேலையா இருக்கும்’ என்று போகிற போக்கில் எழுதுகிறார். அதற்கப்புறம் வரிசையாக மாமியாருக்கு அர்ச்சனை. உங்கள் பதிவில் மாமியார் என்ற பேச்சே இல்லை. அந்த அம்மாள் இறந்து எட்டு வருடம் ஆகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இப்படி ஒருவர் பின்னால் ஒருவர் போவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அது. ஒரு இணையதளத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கமெண்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, எழுதப்பட்ட உடனேயே ஆய்வாளர்கள் ஒரே ஒரு ஆதரவு ஓட்டைப் போட்டுவைத்தார்கள். அடுத்து வந்தவர் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடிவிட்டது. கடைசியில் பார்த்தால் அந்தக் கமெண்டுகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறி நின்றது. கமெண்டில் என்ன எழுதியிருந்தது என்பதற்கும் இந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அறுநூறைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். தனியாக யோசித்துச் சொன்ன கருத்து என்று நான் எண்ணியதில் ஐந்தாறு தேறியது.

அந்த ஐந்தாறில் ஒன்று ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதியது. ‘அவர்கிட்ட கேட்டீங்களா, என்ன சொன்னார்?’ அவ்வளவுதான். அதற்கு ஒரு லைக்கும் இல்லை. சிரிக்கிற பொம்மை மூன்று. கீழே ஒருவர், ‘ஆம்பளைக்கு வக்காலத்து வாங்க ஒருத்தி வந்துட்டா’. அந்தப் பெண் அதற்கப்புறம் எழுதவே இல்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான், அவரையும் வாயடைத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ராத்திரி பதினொன்றரைக்கு இந்த மாதிரி ஒரு பதிவைப் பார்த்துவிட்டு, நின்று, விரலை ஓட்டிப் பதில் எழுதுகிறவர் யார்? தானும் அடிபட்டவர். நீளமாக எழுதிய ஒரு பெண்மணியின் கணவர் அவருடைய நகை அத்தனையையும் ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டிருக்கிறார். படித்தபோது எனக்கே மனசு கனத்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருக்காது. ஆனால் அது அவர் வீட்டுக்காரரைப் பற்றியது. கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டுக் கதைக்குத்தான் பதில் எழுதியிருக்கிறார்கள், முகவரி மட்டும் உங்களுடையது.

எல்லாரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்களே என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதியைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டவர்களுக்கு உறுதி அதிகமாகவே வரும். பிரென்னர், கோலர், ட்வெர்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் 1996-ல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வழக்குகளின் விவரத்தைச் சிலருக்கு ஒரு தரப்பு மட்டும் கொடுத்தார்கள், சிலருக்கு இரு தரப்பும் கொடுத்தார்கள். தாங்கள் படிப்பது ஒரு தரப்புதான் என்று முதல் கூட்டத்துக்குத் தெரியும், மறைக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டு தரப்பையும் படித்தவர்களைவிட அவர்களுக்குத்தான் தங்கள் கணிப்பில் நம்பிக்கை கூடுதலாக இருந்தது. எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பது தெரியாதபோது கதையில் ஓட்டை தெரிவதில்லை. எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு கச்சிதமாகக் கதை பொருந்திவிடுகிறது.

உங்கள் பதிவையும் எனக்கு எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பதிவு பதினோரு வரி. கடிதம் ஏழு பக்கம். பதிவில் ‘எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்’ என்று இருக்கிறது. கடிதத்தின் நாலாம் பக்கத்தில், வைகாசி கடைசியில் அவர் ஒருதரம் வளையலைக் கேட்டதாகவும், நீங்கள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்லாததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அது அவர் தப்பு. ஆனாலும் ‘கேட்டார்’ என்பது ஒரு செய்தி, அது பதிவில் இல்லை. ஜூன் மாதம் மாமனாருக்குக் கோவையில் இருதய ஆபரேஷன் நடந்தது, பில்லை யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை, கொழுந்தனார் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தேன் என்று ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி. அதுவும் பதிவில் இல்லை. சம்பளத்தை முதல் தேதியே உங்கள் கையில் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கும் டீ காசுக்கும் வாங்கிக்கொண்டு போகிற மனிதர் என்பதும் இல்லை.

அவருக்கு எதிரானதும் விட்டுப் போயிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதமாகப் போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார், யார் என்று கேட்டால் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. கடன் கொடுத்தவர்களாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், அந்த அறுநூறு பேர் சொன்ன ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம்.

நீங்கள் எதையும் மறைத்தீர்கள் என்று சொல்ல வரவில்லை. பதறிப்போய் எழுதும்போது பயம் எதைக் காட்டுகிறதோ அதுதான் பேனாவில் வரும். இங்கே என்னிடம் ஆலோசனைக்கு ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கேள்வி கேட்பதிலேயே போய்விடும். எப்போது, யார் கூட இருந்தார், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, அப்போது அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள். சலித்துப்போகிற அளவுக்குக் கேட்பேன். முதலில் சொன்ன கதையும் கடைசியில் வந்து சேர்கிற கதையும் ஒன்றாக இருந்தது அபூர்வம். அப்படியிருக்க, ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போங்கள், போகாதீர்கள் என்று நான் சொன்னால் நான் அறுநூற்று ஒன்றாவது ஆள். அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதவில்லை.

சட்டம் பற்றிக் குழுவில் சொன்னதில் பாதி சரி. அம்மா வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து. கணவருக்கு அதில் பங்கு கிடையாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் தெளிவாகச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் நகையை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுக்கிற கடமை அவருக்கு உண்டு என்றது. 89 பவுன் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் வழியைப் பாருங்கள்: 2011-ல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2022-ல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, 2024-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி அவர் பக்கம் வந்தது. அனுபவமுள்ள நீதிபதிகளே இரண்டு பக்கச் சாட்சியத்தையும் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் மாறுபட்ட விஷயம் அது.

‘406ல போடுங்க, 498ஏ போடுங்க’ என்று எழுதியிருக்கிறார்களே, அந்த எண்கள் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நம்பிக்கை மோசடி இப்போது 316, கணவர் கொடுமை 85. இவ்வளவு பேர் சட்டம் பேசிய இடத்தில் இதைத் திருத்த ஒருவர் இல்லை.

நீங்கள் கேட்காமலே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆபரேஷனுக்கே எடுத்திருந்தாலும், உங்களிடம் வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்தது தப்பு. அடகு வைத்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கோபப்பட்டதில் ஒரு பிசகும் இல்லை.

அந்த மாதிரிக் குழுக்களால் பிரயோஜனமே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவர் அடிக்கிறார், குழந்தையை வைத்து மிரட்டுகிறார், வெளியே விடாமல் பூட்டுகிறார், ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார் என்று ஒரு பெண் எழுதினால், ‘முதல்ல அங்கிருந்து வெளிய வாங்க’ என்று நூறு பேர் சொல்வது நல்லதே. வீட்டில் எல்லாரும் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று மூடி மறைக்கிற இடத்தில், இது கொடுமை என்று முதல்முதலாகச் சொன்னது ஊர் பேர் தெரியாத ஒருவர்தான் என்று என்னிடம் வந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்து இருக்கிற இடத்தில் இரண்டாம் தரப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உங்கள் ஏழு பக்கத்தில் அப்படி ஒரு வரியையும் நான் பார்க்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால், மேலே சொன்ன அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்திலேயே, பெண்களின் புகார்களைக் கேட்கிற ஜாக்ரதா சமிதி உண்டு. கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில், கஷ்டத்தில் இருக்கிற பெண்களுக்கு உதவுகிற ஸ்நேகிதா மையம் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது.

ஆபத்து ஏதும் இல்லையென்றால், பேசுவதற்கு முன் பதிவை நீக்குங்கள். கடன் எண்ணும் கிளையின் ஊர்ப் பெயரும் தெரிகிற சீட்டு அது. பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தீர்கள். சென்னையில் அது நடக்கலாம். நம் ஊரில் மலையாளச் சீட்டு, தமிழ்க் குடும்பம், கோவை வேலை என்ற மூன்றும் சேர்ந்தால் போதும், தெருவையே சொல்லிவிடுவார்கள். பெரியப்பா மகள் செய்தது அநாகரிகம்தான். ஆனால் அவர் கைக்குப் பொருளைக் கொடுத்தது உங்கள் பதிவு. உங்கள் கணவர் இரண்டு தடவை வாசலுக்கு வந்தவர், அந்த வாட்ஸ்அப் விவகாரத்துக்குப் பிறகுதான் வருவதை நிறுத்தியிருக்கிறார். குடும்பம் முழுக்கத் தன்னைத் திருடன், சூதாடி என்று படித்திருக்கிறது என்ற கூச்சம் எப்படி இருக்கும்? வளையலைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்னால், ‘அதை அங்கே போட்டிருக்கக் கூடாது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் தப்பைக் கேட்கிற உரிமை அதனால் குறைந்துவிடாது.

பேசுகிற இடம் முக்கியம். உங்கள் அம்மா வீட்டுக் கூடத்தில், அண்ணன் சுவரில் சாய்ந்து நிற்க, மாமா இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்க, அந்தப் பேச்சு உருப்படாது. அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ‘ஆமாம்’ என்பார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார். வாட்ஸ்அப்பில் பேசவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும். துணைக்கு ஆள் வேண்டும் என்று தோன்றினால், இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒரே ஒருவர் போதும். உங்களுக்குப் பெண் பார்க்க முதலில் வந்த அந்த சித்தப்பாவைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கிறீர்களே, அவர் பொருத்தமாகப் படுகிறார்.

அசல் அடகுச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடன் வாங்கிய தேதி, தொகை, கெடு மூன்றையும் அதில் பாருங்கள். மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்டிய ரசீதுகளையும் கேளுங்கள். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தானாகத் தெரிந்துவிடும். வேறு கடன் ஏதாவது இருக்கிறதா, செயலி வழியாக வாங்கினது உண்டா என்று நேராகக் கேளுங்கள். வாசலில் போய் யாரோடு பேசுகிறார் என்றும் கேளுங்கள், இதற்கெல்லாம் சங்கடப்படாதீர்கள். கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் இருக்க முடிந்தால் நல்லது. கஷ்டம்தான்.

சீட்டைக் காட்ட மறுத்தாலோ, சொல்கிற தேதிக்கும் சீட்டில் இருக்கிற தேதிக்கும் பொருந்தாவிட்டாலோ, இன்னொரு அடகு வெளியே வந்தாலோ கதை வேறு. அப்போது அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டு வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் பக்கத்துச் சட்டப் பணிகள் குழுவைக் காட்டிவிடுவார்கள். நகையை மனைவியிடமிருந்து இப்படி அபகரிப்பது குடும்ப வன்முறைச் சட்டத்திலும் பொருளாதாரக் கொடுமையாக வரும். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு பேசப் போவது வேறு, கேஸ் கொடுத்துவிட்டுப் பேச உட்காருவது வேறு.

பேசின பிறகும் எதுவும் பிடிபடவில்லை என்றால் இரண்டு பேருமாக என்னிடம் வாருங்கள். வேறு எந்த ஆலோசகரிடம் போனாலும் சரி, ஒருவர் மட்டும் போகாதீர்கள்.

அப்டேட் கேட்கிறவர்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் எழுத வேண்டியதில்லை. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கதையின் மிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நல்லபடியாக முடிந்தது என்று போட்டால் ‘ஏமாந்துட்டீங்க சிஸ்’ என்று ஒரு நூறு பேர் வருவார்கள். மனசு கேட்காவிட்டால் பதிவை நீக்குவதற்கு முன்னால் அந்த ஈரோட்டுப் பெண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு இன்றைக்கு ராத்திரியே போன் செய்யலாம். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியிருப்பார், பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பார். கெடு தேதியை மட்டும் கேளுங்கள், மற்றது ஞாயிற்றுக்கிழமைக்கு. கெடு இந்த மாதத்துக்குள் என்றால் வட்டியைக் கட்டிப் புதுக்குவதற்கு இரண்டு பேரில் ஒருவர் லீவு போட வேண்டியிருக்கும்.